இரண்டு ஜான்கள், நான்கு வில்லியம்கள்: பாஸ்டன் குடும்பத்துக் கொடிவழியைத் தேடிய பதிவு

இங்கிலாந்தில் பழைய நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைக் காகிதம் காகிதமாகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. எந்தக் குடும்பம் என்று யோசித்தபோது, விடை ஓரளவு தெரிந்த குடும்பமாக எடுப்பதுதான் நல்லது என்று பட்டது. நாம் கண்டுபிடித்தது சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் அல்லவா. அப்படித்தான் பாஸ்டன் குடும்பத்தை எடுத்தேன்.

நார்ஃபோக் மாவட்டத்தின் வடகிழக்குக் கடலோரத்தில், நார்த் வால்ஷம் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் பாஸ்டன் என்று ஒரு கிராமம். ஊர்ப்பேர்தான் குடும்பப்பேர். 15ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தார் எழுதியதும் இவர்களுக்கு வந்ததுமாக ஏறக்குறைய ஆயிரம் கடிதங்களும் தாள்களும் அழியாமல் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு சாதாரணக் கிராமத்துக் குடும்பத்தில் தொடங்கியவர்களுக்கு இவ்வளவு காகிதம் மிஞ்சியது பெரிய விஷயம். அதைவிட எனக்குப் பிடித்த காரணம் வேறு. இந்தக் குடும்பத்துக்கு இட்டுக்கட்டிய வம்சாவளி ஒன்றும் இருக்கிறது. அதை ஓர் அரசரே முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஒரு விரிதாள் போதும். ஆளின் பெயர், நிகழ்ச்சி, தாளில் எழுதியிருக்கும் தேதி, நம் கணக்குக்கு மாற்றிய தேதி, எந்தத் தாள் என்று பத்திகள் போட்டேன். கடைசியாக ஒரு பத்தி: இந்தத் தாளை யார், எதற்காக எழுதினார்கள்? இந்தப் பத்தியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். போகப் போகத் தெரியும், வேலை முழுக்க அதை நம்பித்தான் நடந்தது.

வேலை நம் ஊரில் நிலம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது மாதிரிதான். கடைசியாகக் கையில் வைத்திருந்தவரில் தொடங்கி, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். மூலபுருஷரிலிருந்து முன்னோக்கி வர ஆசையாக இருக்கும். அப்படி வந்தால் நமக்குப் பிடித்த ஆளை நோக்கித்தான் வண்டி போகும்.

முதல் சில படிகள் சுலபம். வில்லியம் பாஸ்டன், யார்மத்தின் இரண்டாவது ஏர்ல், 1732-ல் இறந்தார். மகன்கள் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். பட்டம் அவரோடு முடிந்தது. கடனோ கழுத்துவரை. அவருடைய அப்பா ராபர்ட் (1631–1683), 1673-ல் வைகவுன்ட், 1679-ல் ஏர்ல். ராபர்ட்டின் அப்பா சர் வில்லியம், பேரனெட் பட்டக்காரர், 1663-ல் இறந்தவர். பிரபுக்களின் பட்டம் யாருக்குப் போகிறது என்பதில் அரசாங்கத்துக்கே அக்கறை உண்டு. அதனால் இந்தப் பகுதியில் குழப்பம் குறைவு. விரிதாளில் கடகடவென்று நிரப்பிவிட்டு மேலே போனேன்.

அதற்கு முந்தைய காலத்துக்குப் போகும்போது ஊர்க் கோயில் பதிவேடுகள் வேண்டும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு பாரிஷ் தேவாலயமும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538-ல் தாமஸ் க்ராம்வெல் உத்தரவு போட்டார். ஆனால் முதலில் எழுதியவை பெரும்பாலும் வெறும் காகிதம். 1598-ல் தோல் ஏட்டில் நகலெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து எடுத்தால் போதும் என்று பல ஊர்களில் அதற்கு முந்தைய இருபது வருடத்தைக் கைகழுவிவிட்டார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்திலும் ஓட்டைகள் உண்டு. நாரிச்சில் மார்ட்டினோ லேனில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இவற்றைப் பார்க்கலாம். பேனா உள்ளே எடுத்துப் போக முடியாது, பென்சில்தான்.

தேதி விஷயத்தில் இங்கேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-ல். ஆகவே ஒரு பதிவேட்டில் 1650 ஜனவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1651. 1650 நவம்பரில் திருமணம், 1650 பிப்ரவரியில் குழந்தை என்று பார்த்ததும் கல்யாணத்துக்கு முன் குழந்தையா என்று முகம் சுளிக்க வேண்டாம். நவம்பருக்குப் பிறகுதான் அந்தப் பிப்ரவரி வருகிறது. இதற்குத்தான் இரண்டு தேதிப் பத்திகள். எழுதியிருப்பதை அப்படியே ஒன்றில், மாற்றியதை மற்றதில். மாற்றியதை மட்டும் எழுதி வைத்தால், பின்னால் பார்ப்பவர் இன்னொரு முறை மாற்றிவிடுவார்.

பாஸ்டன் ஊருக்கே ஒரு நடை போனேன். புனித மார்கரெட் தேவாலயத்துக்குக் கூரை வேய்ந்திருக்கிறது. உள்ளே கேதரின் பாஸ்டனின் நினைவுச் சின்னம், 1629. செய்தவர் நிக்கலஸ் ஸ்டோன், அந்தக் காலத்தில் நாட்டிலேயே பெயர்பெற்ற சிற்பி. அவருடைய கணக்குப் புத்தகமும் கிடைத்திருக்கிறது. பாஸ்டனில் தனக்கு அசாதாரணமான விருந்து உபசாரம் நடந்தது, கூலி 340 பவுண்டு வாங்கினேன் என்று எழுதி வைத்திருக்கிறார். சிற்பியின் கணக்கு, வம்சாவளி தேடுபவருக்கு நல்ல சாட்சி. கல்வெட்டில் புகழ்ச்சி இருக்கலாம், கூலிக் கணக்கில் புகழ்ச்சிக்கு இடம் ஏது? தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே சர் வில்லியம் பாஸ்டன் 1581-ல் கட்டிய பெரிய தானியக் களஞ்சியம் நிற்கிறது. கட்டியவர் பேரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே அரிய வகை வௌவால்கள் குடியிருக்கின்றன, அதனால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது.

அந்தக் களஞ்சியத்தைக் கட்டிய சர் வில்லியம் (1528–1610) விஷயத்தில்தான் முதல் சிக்கல். நார்த் வால்ஷமில் 1606-ல் பள்ளிக்கூடம் நிறுவியவரும் இவரே. இவருடைய மகன் கிறிஸ்டஃபர். ஆனால் கிறிஸ்டஃபருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்று விசாரணையில் முடிவானது. சொத்து நிர்வாகமெல்லாம் பேரன் எட்மண்டின் பெயரில் ஓடுகிறது. கேதரின் இந்த எட்மண்டின் மனைவிதான். சொத்துக் காகிதங்களை மட்டும் பார்த்தால் எட்மண்டை வில்லியமின் மகன் என்றே எழுதிவிடுவோம், நடுவில் ஒரு தலைமுறை காணாமல் போகும்.

ஒரு படி மேலே போனால் இதேபோல் இன்னொன்று. சர் வில்லியமின் அப்பா எராஸ்மஸ் 1540-லேயே இறந்துவிட்டார். தாத்தா, அவரும் ஒரு சர் வில்லியம், 1554 வரை இருந்தார். ஆக நிலம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு. இதோடு விட்டதா? ஆக்ஸ்னெட் என்ற ஊரில் குடும்பத்தின் பெரிய மாளிகையைக் கட்டியவர் கிளெமென்ட் பாஸ்டன், கடற்படைக்காரர், எராஸ்மஸின் தம்பி. அவருக்குப் பிள்ளை இல்லை. 1598 வாக்கில் அவர் இறந்தபோது ஆக்ஸ்னெட் அண்ணன் மகன் வில்லியமுக்குப் போனது. கிளெமென்டுக்குப் பிறகு வில்லியம் என்று இருப்பதைப் பார்த்து அப்பா, மகன் என்று கோடு போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா சொத்து அண்ணன் மகனுக்குப் போவது நமக்குத் தெரியாத விஷயமா என்ன. ஆனாலும் பேனா கையில் வந்ததும் எல்லோரும் நேர்கோடுதான் போடுகிறார்கள்.

இந்த முடிச்சுகளை அவிழ்க்க உதவியது விசிட்டேஷன் என்ற பதிவுகள். குலச் சின்னங்களுக்குப் பொறுப்பான ஹெரால்டு அதிகாரிகள் 1530-லிருந்து 1688 வரை அவ்வப்போது மாவட்டம் மாவட்டமாகச் சுற்றி, கேடயச் சின்னம் வைத்துக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு என்று விசாரித்து, குடும்ப மரத்தை எழுதி வந்தார்கள். நார்ஃபோக்குக்கு 1563-ல் ஒன்று, 1613-ல் ஒன்று, 1664-ல் ஒன்று. மூன்றும் அச்சிலேயே கிடைக்கின்றன. படிக்கச் சுலபம், அதுவே ஆபத்தும். ஹெரால்டு வரும்போது வீட்டுக்காரர் என்ன சொன்னாரோ அதுதான் பெரும்பாலும் ஏட்டில் ஏறியது. அப்பா பேரையும் தாத்தா பேரையும் யாரும் பொய்யாகச் சொல்லப் போவதில்லை, ஊரே சிரிக்கும். அதற்கு மேல் போகப் போக நினைவும் மங்கும், ஆசையும் கூடும். அதனால் ஒவ்வொரு விசிட்டேஷனிலும் சொன்னவரிலிருந்து மூன்று தலைமுறையைப் பேனாவில் எழுதினேன், மற்றதைப் பென்சிலில். எராஸ்மஸ், கிளெமென்ட், கிறிஸ்டஃபர் மூவரும் பேனாப் பகுதியிலேயே வந்துவிட்டார்கள்.

இனி 15ஆம் நூற்றாண்டு. கடிதங்கள் எப்படி நம் கைக்கு வந்தன என்பதே தனிக் கதை. கடனில் மூழ்கிய இரண்டாவது ஏர்லிடமிருந்து ஒரு பகுதியைப் பீட்டர் லெ நீவ் என்ற ஹெரால்டு வாங்கினார். அவர் இறந்ததும் அவருடைய விதவையைத் தாமஸ் மார்ட்டின் என்ற சேகரிப்பாளர் கட்டிக்கொண்டார், காகிதங்களும் கூடவே போயின. 1735-ல் ஃபிரான்சிஸ் ப்ளோம்ஃபீல்டு என்ற பாதிரியார் ஆக்ஸ்னெட் மாளிகையின் ஆவண அறைக்குள் நுழைந்து பெட்டி பெட்டியாகப் பார்த்தார். கடைசியில் ஜான் ஃபென் என்பவர் கையில் ஒரு கட்டு சேர்ந்து 1787-ல் அச்சேறியது. அப்புறம் மூலத்தாள்கள் நூறு வருடம்போல் காணாமல் போக, 1865-ல் ஒருவர் எல்லாமே போலியாக இருக்குமோ என்று எழுதிவிட்டார். பின்னால் மூலம் கிடைத்துச் சந்தேகம் தீர்ந்தது. இப்போது பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில்.

எழுத்தைப் படிக்கப் பழகுவது வேறு வேலை, அதற்குக் குறுக்குவழி இல்லை. ஆனால் தேதியைப் படிக்க ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் வருடத்துக்கு எண் போட மாட்டார்கள். இன்ன அரசரின் இத்தனையாவது ஆண்டு, இன்ன புனிதர் நாளுக்குப் பிந்தைய வெள்ளி என்பார்கள். நான்காம் எட்வர்டு பட்டத்துக்கு வந்தது 1461 மார்ச் 4. ஆக அவருடைய ஆறாம் ஆண்டு 1466 மார்ச் 4-ல் தொடங்கி 1467 மார்ச் 3-ல் முடியும். ஆறாம் ஆண்டு ஜூலை 26 என்றால் 1466. ஆறாம் ஆண்டு பிப்ரவரி என்றால் 1467. ஒவ்வொரு அரசருக்கும் இப்படி ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். 1470 இலையுதிர் காலத்திலிருந்து 1471 ஏப்ரல் வரை மட்டும் கவனம் வேண்டும். பதவி போன ஆறாம் ஹென்றி திரும்பி வந்து, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, தன் 49ஆம் ஆண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டார். எட்வர்டும் திரும்பி வந்ததும் இடைவெளி இல்லாமல் தன் எண்ணைத் தொடர்ந்தார்.

சரி, இரண்டு ஜான்கள். ஜான் பாஸ்டனுக்கும் (1421–1466) மார்கரெட் மாட்பிக்கும் பிறந்த முதல் இரண்டு மகன்களுக்கும் ஜான் என்றே பெயர். மூத்தவர் 1442, இளையவர் 1444. ஒருவர் இறந்த பின் வைத்த பெயரும் இல்லை, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள், ஒருவருக்கொருவர் கடிதமும் எழுதிக்கொண்டார்கள். ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையின் பெயர் பிள்ளைக்கு வருவது அப்போது சகஜம் என்பதால் ஒரே வீட்டில் ஒரே பெயர் திரும்ப வருவதை இங்கே மட்டும் பார்க்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவையும் சேர்த்தால் ஒரே வீட்டில் மூன்று ஜான்கள்.

நான் இவர்களைப் பிரித்தது பட்டத்தை வைத்து. அப்பா ஜான் நைட் பட்டத்தை ஏற்கவே இல்லை. அது செலவுள்ள மரியாதை. 1457-ல் அபராதம் கட்டித் தப்பித்தார். மூத்த மகன் 1463-ல் நைட் ஆனார். நைட் ஆனவருக்குத்தான் பேருக்கு முன் ‘சர்’; ‘எஸ்கொயர்’ அதற்கு ஒரு படி கீழே. ஆகவே 1463 முதல் 1479-ல் அவர் இறக்கும்வரை ‘சர் ஜான்’ என்றால் அண்ணன். அதே காலத்தில் ‘ஜான் பாஸ்டன், எஸ்கொயர்’ என்றால், 1466 மே வரை அப்பாவாக இருக்கலாம், அதற்குப் பிறகு தம்பி. தம்பிக்கு நைட் பட்டம் கிடைத்தது 1487-ல், ஸ்டோக் போர்க்களத்தில். எனவே 1487 முதல் 1504 வரை ‘சர் ஜான்’ என்றால் தம்பி. 1463-க்கு முந்தையதை அந்த அடையாளத்தால் பிரிக்க முடியாது. கடிதத்தின் முகவரியில் ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்று இருக்கிறதா பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து. இந்த நான்கு வரியை எழுதி வைத்துக்கொண்டபின் வேலை பாதி குறைந்தது.

இணையத்தில் பார்த்த ஒரு குடும்ப மரம் மார்ஜரி ப்ரூஸை அண்ணனுக்கு மனைவியாக்கி வைத்திருக்கிறது. 1477 பிப்ரவரியில் காதலர் நாளை ஒட்டி எழுதப்பட்ட புகழ்பெற்ற கடிதத்தின் சொந்தக்காரி அவர்தான். அவர் கட்டிக்கொண்டது தம்பியை. அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆன் ஹாட் என்ற பெண்ணோடு நிச்சயமாகி, பல வருடம் இழுத்து, ரோமாபுரி வரை போய் அதிலிருந்து விடுபட்டார். ஆக பின்னால் ஏர்ல்கள் வரை வரும் கோடு தம்பியிலிருந்து இறங்குவது.

வில்லியம்களின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். நீதிபதி வில்லியம், அவருடைய மகன் ஒரு வில்லியம், பேரன் ஒரு வில்லியம், கொள்ளுப்பேரன் 1554-ல் இறந்த சர் வில்லியம். விரிதாளில் பெயருக்கு எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் மனைவி பெயரைப் பக்கத்தில் எழுதினால் சமாளிக்கலாம். ஆண்களின் பெயர் திரும்பத் திரும்ப வரும், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் அப்படி வருவதில்லை.

இந்தத் தேடலில் நான் அதிக நேரம் செலவிட்டது ஒரே ஒரு உயிலில். மார்கரெட் மாட்பி எழுதியது. தேதி, பிப்ரவரி 4, நான்காம் எட்வர்டின் 21ஆம் ஆண்டில் வரும் நாள். மேலே சொன்ன கணக்குப்படி 1482. பழைய முறையில் 1481 என்றும் பார்ப்பீர்கள், இரண்டும் ஒரே நாள்தான். 1484 நவம்பரில் இறந்தார். கணவரோடு புதைக்கச் சொல்லவில்லை. கணவர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் பிராம்ஹோம் மடத்தில் அடக்கமானவர். அந்தச் சாவுச் செலவுக் கணக்கு அப்படியே இருக்கிறது. அதில் ஒரு வரி: தீவட்டிப் புகை வெளியேற ஜன்னல் கண்ணாடி இரண்டைக் கழற்றித் திரும்ப ஈயம் வைத்துப் பொருத்திய ஆளுக்குக் கூலி. மார்கரெட் கேட்டது தன் அப்பா வழிக் குடும்பத்தின் ஊரான மாட்பி தேவாலயத்தின் தென்சிறகை.

கல்லறைக் கல் எப்படி இருக்க வேண்டும் என்று உயிலில் அங்குலம் அங்குலமாகச் சொல்கிறார். நான்கு மூலையிலும் நான்கு கேடயங்கள். ஒவ்வொன்றும் இரண்டு குலச் சின்னங்களைப் பாதிப் பாதியாகக் கொண்டது. முதலாவது, கணவர் வீட்டுச் சின்னமும் தன்னுடையதும். இரண்டாவது, மாட்பியும் ரீடமைச் சேர்ந்த பெர்னி குடும்பமும். மூன்றாவது, மாட்பியும் லவெய்ன் பிரபுவும். நான்காவது, மாட்பியும் சர் ரோஜர் பீச்சமும். நடுவில் ஒரு கேடயம், அதில் மாட்பி சின்னம் மட்டும், தனியாக. அதன் கீழே ‘கடவுளே என் நம்பிக்கை’ என்று எழுத வேண்டும்.

பாதிப் பாதியாகச் சேர்ந்த கேடயம் என்றால் ஒரு திருமணம். ஆக அம்மையார் தன் பிறந்த வீட்டுக் கொடிவழியையே கல்லில் வரையச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கேடயத்தை நான் சரிபார்த்தேன். அவருடைய அம்மா ரீடம் பெர்னி குடும்பத்துப் பெண்தான். மூன்றாவதும் நான்காவதும் அதற்கு மேல் தேடத் துப்பு, பென்சிலில் வைத்திருக்கிறேன். கல் இப்போது இல்லை. தென்சிறகே இடிந்து போய்விட்டது. உயில் இல்லாவிட்டால் அந்தக் கேடயங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் நமக்குத் தெரிந்திராது.

அதே உயிலில் இன்னும் இரண்டு வரிகள். மகள் மார்ஜரி 1469-ல் வீட்டுப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ரிச்சர்டு கால் என்ற காரியஸ்தரை ரகசியமாகக் கைப்பிடித்தவர். என் தங்கை ஃப்ராம்லிங்கத்தில் மெழுகுவத்தியும் கடுகும் விற்கப் போக நான் சம்மதிக்க மாட்டேன் என்று தம்பி ஜான் சீறினார். நாரிச் பிஷப் கூப்பிட்டு விசாரித்தார், இருவரும் சொல்லிக்கொண்ட வார்த்தை கல்யாணத்துக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அம்மா வீட்டுக் கதவைச் சாத்தினார். ஹெரால்டுக்குச் சொல்லும் குடும்ப மரத்தில் இப்படிப்பட்ட மகளை யார் சேர்ப்பார்கள்? உயிலில் இருக்கிறது: என் மகள் மார்ஜரியின் மகன் ஜான் காலுக்கு 24 வயதாகும்போது 20 பவுண்டு. அவன் அதற்கு முன் இறந்தால் அதே மார்ஜரியின் மகன்கள் வில்லியமுக்கும் ரிச்சர்டுக்கும் சமமாக. ஒரே வாக்கியத்தில் மூன்று பேரன்கள் கிடைத்தார்கள்.

இன்னொரு வரி: நைட் ஜான் பாஸ்டனின் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகள் கான்ஸ்டன்ஸுக்கு 20 வயதாகும்போது 10 மார்க். ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், ஆக 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். கல்யாணமாகாமல் இறந்த அண்ணன் ஜானின் மகள் இந்தப் பெண். பாட்டி காசு கொடுக்க நினைத்ததால் மட்டுமே இந்த வரி எழுதப்பட்டது. கடைசிப் பத்தியில் ‘பணம் பிரிப்பதற்காக, எழுதியவர் பாட்டி’ என்று போட்டேன். இதைவிட நம்பகமான காரணம் அந்தப் பத்தியில் வேறு எங்கும் இல்லை.

இன்னும் மேலே போவோம். அப்பா ஜானுக்கு முன் நீதிபதி வில்லியம் (1378–1444). வழக்கறிஞராகத் தொடங்கி 1429-ல் நீதிபதி ஆனவர். 1420-ல் ஆக்னஸ் பெரி என்ற சொத்துக்காரப் பெண்ணை மணந்தார். நிலம் நிலமாக வாங்கிச் சேர்த்தார். ஊர்ப்பாதையையே நகர்த்த அரசரிடம் அனுமதி வாங்கினார். அவர் போனபின் ஆக்னஸ் அந்த இடத்தில் சுவர் எழுப்ப, ஊரார் இடித்தார்கள். இவள் போட்ட பாதைக்காக நரகத்துப் பிசாசுகள் எல்லாம் இவள் ஆத்மாவை இழுத்துக்கொண்டு போகட்டும் என்று ஊர்ப்பெண் ஒருத்தி தன்னைச் சபித்ததாக ஆக்னஸே மகனுக்கு எழுதுகிறார். புதுப்பணக்காரரை ஊர் எப்படிப் பார்த்தது என்று இதிலேயே தெரிகிறது.

வில்லியமின் அப்பா கிளெமென்ட், 1419-ல் இறந்தவர். இங்கேதான் தாள்கள் மோதிக்கொள்கின்றன.

ஒரு தாள் பேர் போடாதது, 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் குடும்பத்துக்கு வேண்டாதவர் எழுதியது. கிளெமென்ட் ஒரு சாதாரண உழவர். ஏர் ஓட்டினார். தானிய மூட்டையைச் சேணமில்லாத குதிரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து மாவுமில்லுக்குப் போவார், மாவோடு அப்படியே திரும்புவார். வின்டர்டனுக்கு வண்டியில் தானியம் கொண்டுபோய் விற்பார். நிலம் நூறு, மிஞ்சினால் நூற்றிருபது ஏக்கர், அதில் பெரும்பகுதி கிம்மிங்கம் மேனருக்கு, அதாவது எசமானின் பண்ணைக்கு, கட்டுப்பட்ட அடிமை நிலம். பெண்டாட்டியும் அடிமைக் குடியில் பிறந்தவள். மகன் வில்லியமைப் படிக்க வைக்கக் கடன் வாங்கினார், மச்சான் ஜெஃப்ரி சாமர்டன் உதவியோடு பையன் சட்டம் படித்தான்.

இன்னொரு தாள் 1466 ஜூலை 26, விண்ட்சர். நான்காம் எட்வர்டு தன் முத்திரையோடு அறிவிக்கிறார்: பாஸ்டன் குடும்பத்தார் பழைய பத்திரங்களையும் மேனர் ஏடுகளையும் காட்டி நிரூபித்துவிட்டார்கள், இவர்கள் நார்மன் வெற்றிக் காலத்திலிருந்தே (1066) மேன்மக்கள், இவர்களிடமே அடிமைக் குடிகள் இருந்தார்கள். முதல் மூதாதை வுல்ஸ்டன், பிரான்ஸிலிருந்து வந்தவராம். 1674-ல் ஃபிரான்சிஸ் சான்ட்ஃபோர்டு என்ற ஹெரால்டு குடும்பத்தின் பத்திரங்களைப் பார்த்து எழுதிய வம்சாவளியும் இதே வழியில்தான் போகிறது.

கடைசிப் பத்தியை நிரப்ப வேண்டிய நேரம். 1466 தாள் எதற்காக எழுதப்பட்டது? பெரும் சொத்துக்காரரான சர் ஜான் ஃபாஸ்டோல்ஃப் என்ற நைட் 1459-ல் இறந்தபின் அவருடைய கேஸ்டர் கோட்டையும் நிலங்களும் தனக்கே என்று அப்பா ஜான் உரிமை கொண்டாடினார். பெரிய மனிதர்கள் பலர் அந்தச் சொத்தில் கண் வைத்திருந்தார்கள். பாஸ்டன்கள் அடிமைக் குடி என்று நிரூபித்துவிட்டால் அவர்கள் வைத்திருக்கும் நிலமெல்லாம் எசமானுக்குச் சொந்தமாகிவிடும். கிம்மிங்கம் லங்காஸ்டர் கோமகன் சொத்து, அதாவது அரசருடையது. ஆக அரசரே எசமான். ஜான் சிறைக்கும் போனார், 1466 மே மாதம் இறந்தார். இரண்டு மாதத்தில் இந்த அறிவிப்பு. இவ்வளவு நிலம் அதில் தொங்கியதென்றால், பத்திரத்தில் வுல்ஸ்டன் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

வேண்டாதவர் தாளும் பட்சபாதம்தான். ஆனால் அதில் சோதித்துப் பார்க்கக்கூடிய செய்திகள் இருக்கின்றன. சாமர்டன் என்ற வழக்கறிஞர் இருந்தார், கிளெமென்டின் மனைவி பியாட்ரிஸ் சாமர்டன் குடும்பத்துப் பெண்தான். வில்லியம் சட்டம் படித்தது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்ததில் பொய் சொன்னால் மற்ற குற்றச்சாட்டும் செல்லாது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். பெண்டாட்டி அடிமைக் குடி என்பதை மட்டும் நான் பென்சிலிலும் எழுதவில்லை, குற்றச்சாட்டின் உயிர்நாடியே அதுதான் என்பதால். அடிமை நிலம் என்பதும் அடிமை மனிதன் என்பதும் ஒன்றில்லை. சுதந்திரக் குடியானவரும் அடிமை நிலத்தைப் பயிரிடலாம், அதனால் அவர் நிலை தாழாது. கிளெமென்டின் ஏக்கர்களைப் பற்றி அந்தத் தாள் சொல்வதை ஏற்கலாம், அதிலிருந்து அது இழுக்கும் முடிவை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆக என் மரம் கிளெமென்ட், பியாட்ரிஸ் இருவரோடு நிற்கிறது. வுல்ஸ்டன் தனித் தாளில், ‘1466, நில வழக்கு’ என்ற குறிப்போடு. இனிமேல் கிளெமென்டுக்கு மேலே போக வேண்டுமானால் மேனர் நீதிமன்ற ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். லத்தீன், சுருக்கெழுத்து, பொறுமை மூன்றும் வேண்டும்.

அதற்கு முன் மார்ஜரியின் பிள்ளைகளைத் தேடப் போகிறேன். பிரபு குடும்பத்துக் கோடு 1732-ல் அறுந்துவிட்டது. மற்றபடி எட்வர்டு பாஸ்டன் வழிக் கத்தோலிக்கக் கிளை ஒன்று உண்டு, 1612-ல் பார்னிங்கம் மாளிகை கட்டியவர்கள், அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஜான், வில்லியம், ரிச்சர்டு கால் மூவரைப் பற்றித்தான் எனக்கு ஆர்வம். நாரிச் திருச்சபை நீதிமன்றத்தில் பதிவான உயில்களின் அட்டவணை நார்ஃபோக் காப்பகத்தில் இருக்கிறது. கால் என்ற பெயரை எத்தனை விதமாக எழுதியிருப்பார்களோ அத்தனை விதமாகவும் தேட வேண்டும். சி-யில் ஒரு எல், சி-யில் இரண்டு எல், கடைசியில் ஈ சேர்த்தது, கே-யில் தொடங்குவது. பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டேன், அடுத்து கட்டு கட்டாக வரவழைக்க வேண்டியதுதான்.